ஆறு லேனிலும் நீந்தியவள்

பதினேழாம் எண் பேருந்து ஓடும் வழியில், கேட்டால் கதவைத் திறந்துவிடுகிற கழிப்பறைகள் மொத்தம் பதினொன்று. இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவள் அந்தப் பேருந்தை ஓட்டியவள். பெட்ரோல் பங்கில் ஒன்று இருக்கிறது, சாவி காசாளரிடம். வங்கியில் ஒன்று, காவலாளி நல்ல மனநிலையில் இருந்தால் விடுவார். நாற்காலி மேசை விற்கும் கடையில் ஒன்று, முதலாளியம்மா தங்கமான மனுஷி, ஆனால் பேச ஆரம்பித்தால் ஆளை விடமாட்டாள். மற்ற எட்டுக்கும் இப்படி ஆளுக்கொரு கதை உண்டு. ஏழு வருடம் அவள் அந்தப் பதினொன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

டிப்போவில் அவளுக்கு ஹாரன் என்று பெயர். குரல் அப்படி. என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே வளர்ந்த தொண்டை. "காதோட சொல்றேன் கேளுங்க" என்று அவள் ஆரம்பித்தால் பக்கத்து அறையில் இருப்பவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பெயர் வைத்தவர்கள் கேலிக்கு வைத்தார்கள். அவளோ அதைத் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியிலேயே எழுதி ஒட்டிக்கொண்டாள்.

முப்பத்தாறு வயதில் பெருங்குடலில் புண் வந்தது. ரத்தமாகப் போகும். ஒரு நாளைக்கு இருபது தடவை ஓடவேண்டும், அதுவும் அது கூப்பிட்ட நொடியில். மாத்திரை சாப்பிட்டதில் முகம் உப்பியது, முடி கொட்டியது, வயிறு மட்டும் அடங்கவில்லை. பள்ளி நாட்களிலிருந்து நீச்சல் அவளுக்கு உயிர். தொடர் நீச்சலில் கடைசி ஆளாகக் குதித்து மற்றவர்களின் தாமதத்தையெல்லாம் ஈடுகட்டுகிறவள். அதை விட்டாள். சினிமா, கல்யாண வீடு, தூரப் பயணம் எல்லாவற்றையும் விட்டாள். வண்டியை மட்டும் விடவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை நெரிசலில், எட்டாவது கழிப்பறைக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே, உடம்பு அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி இறங்கி ஓடினாள். பாதி கட்டிய கட்டடம் ஒன்றின் பின்னால் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீருடை மேல்கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். திரும்பி வந்து ஏறினாள். உட்கார்ந்தாள். கடைசி நிறுத்தம் வரை ஒரு நிறுத்தத்தையும் விடாமல் ஓட்டினாள்.

"எத்தனை ஜன்னல் திறந்துச்சுன்னு கண்ணாடியில எண்ணினேன்" என்றாள் என்னிடம். "மொத்தம் இருக்கறதே இருபத்துரெண்டுதான். இருபத்துரெண்டும் திறந்துச்சு."

அதன் பிறகு அவளை வண்டியிலிருந்து எடுத்து, பயணிகள் மறந்து விட்டுப்போன பொருட்களை வைக்கும் அறையில் போட்டார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், மூக்குக் கண்ணாடிகள், ஒரு ஜோடி ஊன்றுகோல். ஊன்றுகோலை மறந்துவிட்டு ஒருவர் எப்படி இறங்கி நடந்து போயிருப்பார் என்று அவள் மாதக்கணக்கில் யோசித்திருக்கிறாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில், யாரும் தேடி வராத குடைகளோடு தானும் ஒரு குடையாக உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள்.

அறுவை செய்து பெருங்குடலையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்கு நாற்பத்து மூன்று. சிறுகுடலின் முனையை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து தைப்பார்கள், ஸ்டோமா என்று அதற்குப் பெயர். அதன் மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். வெளியேற வேண்டியது எல்லாம் இனி அதில்தான் வரும். வாழ்நாள் முழுக்க.

அவளுடைய நாத்தனார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். "வயித்துல பையைக் கட்டிக்கிட்டு வாழறதுக்கு..." என்று இழுத்தாள்.

"முடிங்க அண்ணி. வாழறதுக்கு?"

அவளுடைய கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர், அதிகம் பேசாதவர். அவர் தன் அக்காவிடம் நிதானமாகச் சொன்னார்: "அந்த வாக்கியத்தை அடிச்சிடுங்க அக்கா."

அறுவை முடிந்து ஐந்தாம் நாள், ஸ்டோமாவைப் பார்த்துக்கொள்ளக் கற்றுத் தரும் செவிலி வந்தாள். பையைக் கழற்றிக் காட்டினாள். ஈரமாக, சிவப்பாக, ஒரு பெரிய பொத்தான் அளவுக்கு ஒரு சதை முனை. இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது புண் இல்லக்கா" என்றாள் செவிலி. "உங்க உதட்டுக்கு உள்பக்கம் எப்படி இருக்கு? அதே சதைதான். தொட்டா வலிக்காது. தொட்டுப் பாருங்க."

தொட்டாள். அந்த நேரம் பார்த்து அது காற்றை வெளியே விட்டு ஒரு சத்தம் எழுப்பியது. செவிலி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இவள் அடக்கவில்லை, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"விசில் அடிக்குதே. ஏழு வருஷமா கண்டக்டர் இல்லாத வண்டி ஓட்டினேன், இப்ப ஆள் போட்டுட்டாங்க."

அன்றிலிருந்து ஸ்டோமாவுக்குக் கண்டக்டர் என்று பெயர். வீட்டில் அப்படித்தான் பேச்சு. "கண்டக்டர் இன்னிக்கு அமைதியா இருக்காரு." "கண்டக்டருக்கு முட்டைக்கோஸ் பிடிக்கலையாம்."

சிரித்தாள் என்று சொன்னால் சுலபமாக இருந்தது என்று அர்த்தம் ஆகாது. முதல் இரண்டு மாதம் பை ஒழுகியது. படுக்கை விரிப்பை ஒரே நாளில் மூன்று தடவை மாற்றியிருக்கிறாள். குளியலறையில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் இருக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அந்தத் தொண்டைக்குத் துண்டு எம்மாத்திரம், கணவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாத்தனார் வீட்டு சோபாவில் ஒரு நாள் ஒழுகிவிட்டது. அடுத்த தடவை போனபோது அவள் உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தது.

அவள் அதை எடுத்தாள். ஓரம் சேர்த்து நான்காக மடித்தாள். நாத்தனாரின் கையில் கொடுத்தாள். "வெளியே போறப்ப எடுத்துட்டுப் போங்க அண்ணி, மழை வர்ற மாதிரி இருக்கு." பிறகு அதே சோபாவில் உட்கார்ந்து, குடிக்கக் கொடுத்ததைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மெல்ல மெல்ல விஷயம் பிடிபட்டது. ஓட்டையை அளவாக வெட்டுவது, தோலை நன்றாகத் துடைத்துக் காயவைப்பது, பை பாதி நிறைவதற்குள் காலி செய்வது. ஒரு நாளைக்கு ஆறு தடவை காலி செய்தால் போதும், அதுவும் அவளுக்கு வசதியான நேரத்தில். முன்னே இருபது தடவை, அது சொன்ன நேரத்தில். "இதுல எது நோய், எது சுகம்னு நீங்களே சொல்லுங்க" என்று போக்குவரத்து அலுவலக மருத்துவரிடம் கேட்டாள். அவர் காகிதங்களைப் புரட்டினார். ஓட்டுநர் இருக்கையின் இடுப்பு வார் ஸ்டோமாவை அழுத்தாதா என்றார். வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே வைக்க அவளே தைத்த ஒரு சின்ன மெத்தையை மேசைமேல் வைத்தாள். ஐந்தாவது மாதம் பதினேழாம் எண் பேருந்து அவள் கைக்குத் திரும்பி வந்தது.

வண்டி வந்ததும் தண்ணீரைக் கேட்டாள்.

"நீந்தலாமா?" என்றதும் செவிலி, "தாராளமா" என்றாள். "தண்ணி உள்ளே போகாது. பையும் கழண்டு வராது. ஒட்டின உடனே இறங்காதீங்க, ஒரு மணி நேரமாவது பிடிச்சுக்க விடுங்க. பையில காத்து போற சின்னத் துளை மேல ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போகாதீங்க. இறங்கறதுக்கு முன்னாடி காலி பண்ணிடுங்க. அவ்வளவுதான்." கையோடு மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்தாள், யாராவது கேட்டால் காட்டட்டும் என்று.

முதல் சோதனை வீட்டுக் குளியல் தொட்டியில் நடந்தது. கணவர் கைக்கடிகாரத்தோடு கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். நடுவில் ஒரு தடவை, "எப்படி இருக்கு?" என்றார். "தண்ணி ஆறிப்போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வெளியே வந்தபோது விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. பை ஒட்டிய இடத்தில் ஒட்டியபடி இருந்தது.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காருபவள் நான். முதுகுவலிக்காக நீச்சல் குளத்துக்குப் போகிறேன். பொதுக்குளம், இருபத்தைந்து மீட்டர், ஆறு லேன். மாலை ஐந்திலிருந்து ஆறு வரை பெண்களுக்கு மட்டும். நானும் அவளும் இரண்டாவது லேனில் நீந்தினோம். நான் ஒரு முறை போய்வருவதற்குள் அவள் இரண்டு முறை போய்வந்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் சுவரைத் தொட்டதும், "நீங்க முதல்ல போங்கக்கா, நான் பின்னாலேயே வரேன்" என்பாள். அந்தக் கூரைக்கு அடியில் அது ஆறு லேனுக்கும் கேட்கும். பூப்போட்ட கறுப்பு நீச்சலுடை. வேறெதையும் நான் கவனித்ததில்லை. ஐந்து வாரம் அப்படிப் போனது.

உடை மாற்றும் அறையின் மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. ஒரு நாள் அவள் உள்ளே இருக்கும்போது அதைத் திறந்தவர் எங்கள் பெண்கள் நீச்சல் சங்கத்தின் தலைவி. அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கென்று ஒரு மணி நேரத்தை அலைந்து திரிந்து வாங்கித் தந்தது அவர்தான். கெட்டவர் கிடையாது. ஆனால் அன்று அந்தப் பையைப் பார்த்ததும், "ஐயையோ!" என்று கத்தினார்.

மறுநாள் ஒரு காகிதம் கை மாறியது. 'வயிற்றில் திறந்த புண்ணோடும் கழிவுப் பையோடும் ஒருவர் குளத்தில் இறங்குகிறார், மற்றவர்களின் உடல்நலம் கருதி அவரைத் தடுக்க வேண்டும்.' பதினான்கு கையெழுத்து. இரண்டாவது என்னுடையது. படிக்காமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். படித்துவிட்டுத்தான் போட்டேன். ஐந்து வாரமாக அதே லேனில் அவளுக்கு முன்னால் நான் நீந்தியிருக்கிறேன் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை.

அடுத்த நாள் அவள் வந்தபோது குளத்தின் மேலாளர் வாசலிலேயே நின்றார். நாங்கள் எல்லோரும் குளத்தோரம்தான் இருந்தோம், கதவு திறந்திருந்தது.

"அம்மா, கொஞ்ச நாளைக்கு வராம இருங்களேன். நான் பேசி ஒரு வழி பண்றேன்" என்றார் குரலைத் தாழ்த்தி.

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு... பாத்துட்டுச் சொல்றேன்."

"ஏன் வரக்கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. போயிடறேன்."

"எழுதறதெல்லாம் எதுக்கும்மா?"

"அப்ப சொல்றதும் எதுக்கு?"

அவள் அவரைத் தாண்டி உள்ளே வந்தாள். சுவரில் நீலப் பெயின்ட்டில் எழுதிய விதிகள் இருக்கின்றன, ஏழு விதி. அதன் முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக வாசித்தாள். குளித்துவிட்டு இறங்கவும். தொப்பி அணியவும். ஓடாதீர்கள். நான்காவது விதியில் நிறுத்தினாள். "திறந்த புண், தொற்றுநோய் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை." எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் புண் இருந்துச்சு. ஏழு வருஷம் இருந்துச்சு. அதை அறுத்து எடுத்துத் தூக்கிப் போட்டாச்சு. இப்ப இருக்கறது என் குடல். உங்களுக்கெல்லாம் உள்ளே இருக்கு, எனக்கு நுனி மட்டும் வெளியே இருக்கு. இது யாருக்கும் தொத்தாது, கவலைப்படாதீங்க. தொத்திக்கறதுன்னா என் குரல்தான் முதல்ல தொத்தியிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவி, "டாக்டர்கிட்ட கடிதமாவது வாங்கிட்டு வாங்க" என்றார்.

"நீங்க வாங்கிட்டு வந்தீங்களா?"

"எனக்கு எதுக்கு?"

"அதேதான்."

உடை மாற்றிக்கொண்டு வந்தாள். தண்ணீரில் குதித்தாள். அதற்குள் தண்ணீரில் இறங்கியிருந்த ஒன்பது பேரும், யாரோ மணி அடித்தது போல, ஏணியைப் பிடித்து ஏறி வெளியே வந்துவிட்டோம்.

குளம் முழுக்க அவள் ஒருத்தி. ஒரு நிமிடம் நடுவில் நின்று எங்களைப் பார்த்தாள். நாங்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கிளம்பிவிடுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவள் முதல் லேனுக்குப் போனாள். அந்தக் கோடிவரை நீந்தினாள். கயிற்றுக்கு அடியில் புகுந்து இரண்டாவது லேனுக்கு வந்து, இந்தக் கோடிவரை நீந்தினாள். பிறகு மூன்றாவது. பிறகு நான்காவது. ஆறாவது முடிந்ததும் திரும்ப முதலாவதுக்கு. அவசரமே இல்லை. கை உயர்ந்து விழும் சத்தமும் எங்கள் பற்கள் தந்தியடிக்கும் சத்தமும் மட்டும்தான் அந்தக் கூரைக்கு அடியில். ஐம்பது நிமிடம் நீந்தினாள். வெளியே வந்து துவட்டிக்கொண்டு, "அருமையா இருக்கு தண்ணி. நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்திலேயே விழுந்து கிடந்தாளாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட கணவரை, "இப்ப தண்ணின்னு சொன்னீங்கன்னா அவ்வளவுதான்" என்று திட்டியிருக்கிறாள். இது பின்னால் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்தது அந்த நிமிர்ந்த முதுகு மட்டும்தான்.

மறுநாளும் வந்தாள். மறுநாளும் நாங்கள் ஏறிக்கொண்டோம். மூன்றாம் நாள் எங்களில் வயதில் மூத்தவர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெஞ்சிலிருந்து எழுந்தார். "அவ வயித்துல பை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இந்தக் குளிர்ல உக்காந்தா எனக்குக் காய்ச்சல் வரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போய் ஏணியில் இறங்கினார். அவருக்குப் பின்னால் நான் போனேன். துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் குளிரெடுத்தது.

இரண்டாவது லேன் சுவரில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "அந்தத் தாள்ல நானும் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

"தெரியும்க்கா. மேலாளர் காட்டினாரு. ரெண்டாவது. முத்து முத்தா என்ன அழகான கையெழுத்து! இவ்வளவு நல்ல கையெழுத்தை இதுக்குப் போய் வீணாக்கிட்டாங்களேன்னு இருந்துச்சு." நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "நீங்க முதல்ல போங்க, நான் பின்னாலேயே வரேன்."

மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று என்னை முந்தும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தண்ணீரை வாரி இறைத்தாள்.

புகார் நிர்வாகக் குழுவுக்குப் போயிருந்ததால் இரண்டு வாரம் கழித்து அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன், இந்தத் தடவை அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார. கணவரும் வந்திருந்தார். குழுவில் ஐந்து பேர். மேசையின் மறுகோடியில் தலைவி.

அவள் ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தொட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு புதுப் பையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். பிறகு இடது சட்டைக் கையை மேலே சுருட்டினாள். இன்னொன்றை வீட்டிலேயே, ஒரு மணி நேரம் முன்னதாக, முன்கையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். கணவர் சட்டைப் பையிலிருந்து பிழை திருத்தும் சிவப்பு மைப்புட்டியை எடுத்துக் கொடுத்தார். பையின் அடிவாயைத் திறந்து மையை உள்ளே விட்டு, வாயை மடித்து மூடி, கையைத் தொட்டிக்குள் வைத்தாள்.

"நீங்க பேசுங்க" என்றாள்.

ஒரு மணி பத்து நிமிடம் பேசினார்கள். சுகாதாரம் என்றார்கள், பொறுப்பு என்றார்கள், மற்றவர்களின் மனநிலை என்றார்கள். பேசியவர்கள் எல்லோருடைய கண்ணும் தொட்டியிலேயே இருந்தது. அவள் நடுநடுவே கையை வேகமாக வீசி நீந்துவது போல் அலம்பினாள். மேசைவிரிப்பு நனைந்ததே தவிர, தண்ணீர் நிறம் மாறவில்லை.

தலைவி கடைசியாகக் கேட்டார்: "எல்லாம் சரி. ஒரு நாள் கழண்டுட்டா?"

"ஓரம் தூக்கினா எனக்கு உடனே தெரியும். ஏறி வந்துடுவேன். ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். காலையில சின்னப் பிள்ளைங்க வகுப்பு நடக்குது. அப்புறம் பெரியவங்க வர்றாங்க. யார் யார் தண்ணிக்குள்ள என்னென்ன பண்றாங்கன்னு யாராவது எழுதி வைக்கறீங்களா? எனக்காவது பை இருக்கு. பை இல்லாதவங்களைப் பத்திக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

குழுவில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். தடை செய்ய விதியில் இடமில்லை என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

வெளியே வந்ததும் அவள் கைப்பையில் எதையோ தேடினாள். பழைய உறை ஒன்று கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தபோது பார்த்தேன், மருத்துவமனை முத்திரை. அந்தக் கடிதம்தான். முதல் நாளிலிருந்து அவளிடம் இருந்திருக்கிறது.

"இதை அன்னிக்கே காட்டியிருந்தா இவ்வளவு பாடு பட்டிருக்க வேணாமே?"

"காட்டினா அனுமதி கேட்ட மாதிரி ஆயிடும்க்கா. நீங்க யாரும் கேக்கலையே. நான் மட்டும் ஏன் கேக்கணும்?"

"அப்ப இந்தத் தொட்டி, மை எல்லாம்?"

"அது அவங்க தெரிஞ்சுக்க. எனக்காக இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க மூஞ்சியைப் பாக்கணும்னும் ஆசையா இருந்துச்சு" என்றாள்.

தலைவி பயந்த நாளும் ஒரு தடவை வந்தது. குழு கூடி ஒரு மாதம் இருக்கும். அவள் பாதி லேனில் சட்டென்று நின்று வயிற்றில் கை வைத்தாள். தலைவி ஐந்தாவது லேனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏணிக்குப் போனாள், படியில் நின்றபடி எல்லோருக்கும் கேட்க அறிவித்தாள்: "ஓரம் லேசாத் தூக்குது. உள்ளே இருக்கறது உள்ளேயே இருக்கு. மாத்திட்டு வரேன்."

மாற்றிக்கொண்டு வந்தாள். ஆனால் உடனே இறங்க முடியாதே, பிடித்துக்கொள்ள ஒரு மணி நேரம் வேண்டும். பெண்கள் நேரம் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. வீட்டுக்குக் கிளம்புவாள் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, சூடு ஏறினால் நன்றாக ஒட்டும் என்று உள்ளங்கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். பெண்கள் போனார்கள். ஆறு மணிக்கு எல்லோருக்குமான நேரம் தொடங்கியது. ஆண்கள், குடும்பங்கள், ஒரே கூச்சல். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் பதினாலு சுத்து பாக்கி இருக்கு" என்று எழுந்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவே நடந்து போய் இரண்டாவது லேனில் குதித்தாள். பதினான்கையும் முடித்தாள். அன்று தலைவியும் கிளம்பாமல் வாசலில் செருப்பை மாட்டியபடி வெகுநேரம் நின்றிருந்தார். அந்த வாரமே மூன்றாவது கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வந்தது. சொல்லிப் போட வைத்தது அவர்தான் என்று மேலாளர் சொன்னார்.

வருடக் கடைசியில் குளத்தில் போட்டி வைப்பார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நூறு மீட்டர், அதாவது இரண்டு முறை போய்வர வேண்டும். அவள் பெயர் கொடுத்தாள், என்னையும் வற்புறுத்திக் கொடுக்க வைத்தாள். அன்று காலை மேலாளர் தயங்கித் தயங்கி வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க தாராளமா நீந்துங்க. மேலே ஒரு தொளதொள சட்டை போட்டுக்கிட்டா... பாக்க நிறையப் பேர் வந்திருக்காங்க. போட்டோ எல்லாம் எடுப்பாங்க."

"போட்டோவா? எந்தப் பக்கம் நிக்கணும்?"

அவர் போய்விட்டார். அவள் வழக்கமான பூப்போட்ட உடையைப் போடவில்லை. அன்றைக்கென்று ஒரே நிறத்தில், வெளிர் நீலத்தில் ஒன்று வாங்கியிருந்தாள். நனைந்தால் உள்ளே இருப்பதன் வடிவம் அப்படியே தெரியும். பூப்போட்டது நன்றாக மறைக்குமே என்றேன். "ஆமா, நல்லா மறைக்கும்" என்றாள்.

குதிக்கும் மேடைக்குப் போவதற்கு முன்னால் தன் துண்டை எடுத்துக்கொண்டு எதிர்க்கோடிக்குப் போய், அங்கே நாற்காலியில் போட்டுவிட்டு வந்தாள். நூறு மீட்டர் புறப்பட்ட இடத்திலேயே முடிகிறது. துண்டு ஏன் அந்தக் கோடியில் என்று எனக்கு அப்போது புரியவில்லை, என் கவனமெல்லாம் முதுகுவலியில் இருந்தது.

விசில் ஊதினார்கள். ஆறு பேர் நீந்தினோம். ஆறாவதாக வந்தது நான். நான் சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கியபோது அவள் ஏற்கெனவே மேலே ஏறிவிட்டிருந்தாள்.

நடந்தாள். பார்வையாளர் இருக்கைகளை ஒட்டி, இருபத்தைந்து மீட்டர், ஈரம் சொட்டச் சொட்ட. வெளிர் நீலத்துக்கு அடியில் பை தெளிவாகத் தெரிந்தது. கை வைத்து மறைக்கவில்லை, வயிற்றை உள்ளே இழுக்கவில்லை. சிலர் பார்த்தார்கள். சிலர் பார்க்காதது போல இருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் நின்றாள்.

"பாருங்க சார், பரவாயில்ல. அது என் பைதான்."

அவர் நிமிர்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கை தட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் அவளுடைய கணவர் மட்டும் தட்டாமல், கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் அவள் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

அவள் கோடிக்குப் போய்த் துண்டை எடுத்தாள். தலையைத் துவட்டினாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். அதே வழியாகத் திரும்பி நடந்து வந்தாள். நான் இன்னும் ஏணியில் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது அவளுக்கு, குளோரினாகத்தான் இருக்கவேண்டும்.

"நாலாவதுக்கா" என்றாள் ஆத்திரத்தோடு, அந்த அரங்கமே கேட்க. "மூணாவது வந்தாளே பாருங்க, அவ கடைசித் திருப்பத்துல என்னை ஏமாத்திட்டா. அடுத்த வருஷம் விடமாட்டேன்."